‘சார், ஒரு டவுட்’: கேட்கத் தெரியாதவர்களின் சிறு வரலாறு

போன மாதம் என்னுடைய பழைய மின்னஞ்சல் கணக்கு ஒன்றைத் துப்புரவு பண்ணிக்கொண்டிருந்தேன். 2003இல் நான் ஒரு மடலாடற்குழுவுக்கு அனுப்பிய கடிதம் கண்ணில் பட்டது. படிச்சதும் காது சூடாயிருச்சு.

ஆறே வரி. ‘டியர் சார், ஐ ஆம் ஹேவிங் ஒன் டவுட்’ என்று தொடங்கி, ‘பிளீஸ் ரிப்ளை அர்ஜென்ட்’ என்று முடிகிறது. நடுவில் என் சி நிரல் ஓடவில்லை என்கிற தகவல் மட்டும் இருக்கிறது. என்ன நிரல், என்ன எரர், எந்த கம்பைலர், ஒண்ணும் கிடையாது. ரெண்டு பதில் வந்திருக்கு. ஒருவர், முதலில் கையேட்டைப் படி, பிறகு கேள் என்கிறார். இன்னொருவர், இங்கே யாரும் உனக்கு வீட்டுப்பாடம் செய்து தரமாட்டார்கள் என்கிறார். அதுக்குப் பிறகு மூணு வருஷம் நான் எந்தக் குழுவிலும் வாயே திறக்கவில்லை.

இப்போ யோசிச்சால், அவர்கள் சொன்னதில் தப்பில்லை என்றுதான் தோணுது. ஆனால் அந்த ஆறு வரியை எழுத எனக்கு முக்கால் மணிநேரம் ஆச்சு. பிரவுசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய். அந்தக் கேள்வி ஏன் அப்படி இருந்தது, பதில் ஏன் அப்படி வந்தது என்று கொஞ்சம் தேடிப் பார்த்தேன். அதன் குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

காணாமல் போன ஹெட்டர் கோப்பு

என் பிரச்சினை என்னவென்று இப்போது எனக்குத் தெரியும். கல்லூரி லேபில் எங்களுக்குக் கிடைத்தது போர்லாண்ட் நிறுவனத்தின் டர்போ சி. 1987இல் டாஸ் காலத்தில் வந்த சரக்கு. அதன் பிந்தைய பதிப்புகளைத்தான் இந்தியக் கல்லூரிகள் 2000க்குப் பிறகும் பல வருஷம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. லேபில் எந்த நிரல் எழுதினாலும் முதலில் ‘கோனியோ டாட் ஹெச்’ கோப்பைச் சேர்க்கணும், அடுத்து ‘கிளியர் ஸ்கிரீன்’, கடைசியில் ‘கெட் சிஹெச்’. ரெக்கார்டு நோட்டில் இது இல்லாமல் எழுதினால் கையெழுத்து விழாது.

ஒரு சீனியர் அண்ணன் லினக்ஸ் சிடி ஒன்று கொடுத்தார். அதிலிருந்த ஜிசிசி கம்பைலரில் அதே நிரலைப் போட்டால், அப்படி ஒரு கோப்பே இல்லை என்று சொல்லிவிட்டது. ஆமாம், கிடையாதுதான். அது சி மொழியின் பகுதியே அல்ல, டாஸ் கம்பைலர்கள் தனியாகச் சேர்த்துக் கொடுத்தது. மூணு வரியை நீக்கினால் நிரல் ஓடியிருக்கும். ஆனால் ‘நான் படிச்ச சி வேற, நீங்க பேசுற சி வேற’ என்பது கேட்ட எனக்கும் தெரியாது, பதில் சொன்னவர்களுக்கும் தோணவில்லை. தெரியாத ஒன்றைக் கடிதத்தில் எப்படிக் குறிப்பிடுவது?

இதைவிட வம்பான கேள்வி ஒண்ணு உண்டு. ஒரே அச்சிடும் வரியில் ‘ஐ பிளஸ் பிளஸ்’ஸையும் ‘பிளஸ் பிளஸ் ஐ’யையும் போட்டு, என்ன விடை வரும் என்று கேட்பார்கள். கல்லூரித் தேர்விலும் வரும், கேம்பஸ் இன்டர்வியூ தாளிலும் வரும். நாங்கள் டர்போ சி காட்டும் எண்ணை மனப்பாடம் பண்ணி வைத்திருந்தோம். சி மொழியின் தரநிலையோ இதற்கு எந்த விடையும் நிர்ணயிக்கவில்லை. கம்பைலர் எதைக் காட்டினாலும் அது குற்றமில்லை. இங்கே ஒரு பையன் இதைக் கேட்டால், வெளிநாட்டில் இருப்பவர் ‘கேள்வியே தப்பு’ என்பார். பையனுக்கோ அதில் இரண்டு மார்க். தாளில் எதை எழுதுவான்?

செப்டம்பர் மாதக் கோபம்

இந்தியப் பையன்களால்தான் குழுக்களில் எரிச்சல் வந்தது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கதை அதைவிடப் பழசு.

1979இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டாம் டிரஸ்கட், ஜிம் எல்லிஸ் என்ற இரண்டு மாணவர்கள் யூஸ்நெட் என்ற அமைப்புக்குத் திட்டம் போட்டார்கள். கணினிகள் ஒன்றுக்கொன்று செய்தியைக் கடத்திக்கொள்ளும் பொது அறிவிப்புப் பலகை என்று வைத்துக்கொள்ளலாம். அதில் ஒவ்வொரு செப்டம்பரிலும் ஒரு கூச்சல் வரும். அங்கே கல்லூரி திறக்கும் மாதம் அது. புது மாணவர்கள் மொத்தமாக வந்து, ஏற்கனவே நூறு தடவை கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பார்கள். மூத்தவர்கள் கத்துவார்கள். ரெண்டு மாதத்தில் புதியவர்கள் பழகிவிடுவார்கள், ஊர் அடங்கிவிடும். 1993க்குப் பிறகு ஏஓஎல் போன்ற வணிகச் சேவைகளின் வாடிக்கையாளர்களும் உள்ளே வந்தார்கள். புதியவர்களின் வரவு நிற்கவே இல்லை. ‘முடிவில்லாத செப்டம்பர்’ என்று அதுக்குப் பேர் வைத்தார்கள்.

அந்த எரிச்சலில் சில நல்ல காரியங்களும் நடந்தன. அடிக்கடி வரும் கேள்விகளைத் தொகுத்து வைக்கும் வழக்கம் யூஸ்நெட்டில் வேரூன்றியது. சி மொழிக் குழுவுக்கு ஸ்டீவ் சம்மிட் என்பவர் 1990 முதல் தொகுத்த பட்டியல் இன்றும் படிக்கத் தகுந்தது. எங்கள் ‘வாய்ட் மெயின்’ அதில் இருக்கு. ‘ஐ பிளஸ் பிளஸ்’ஸும் இருக்கு. அதைப் பார்த்தபோது ஒரு நிம்மதி. அந்தத் தப்பைச் செய்தது நாங்கள் மட்டும் இல்லை.

2001இல் எரிக் ரேமண்டும் ரிக் மோயனும் புத்திசாலித்தனமாகக் கேள்வி கேட்பது எப்படி என்று ஒரு நீண்ட வழிகாட்டி எழுதினார்கள். முதலில் நீயே தேடு, என்ன முயன்றாய் என்று சொல், எரர் செய்தியை அப்படியே ஒட்டு, ‘அர்ஜென்ட்’ என்று எழுதாதே என்பதெல்லாம் அதில் வருகிறது. எல்லாம் நல்ல அறிவுரைதான். ஆனால் அது ஒரு வகை ஆளை மனதில் வைத்து எழுதினது. வீட்டிலேயே இணையம் இருக்கணும், ஆங்கிலத்தில் தேடத் தெரியணும், நேரத்துக்குக் காசு எண்ண வேண்டாதவனா இருக்கணும். ‘அர்ஜென்ட்’ என்று நான் எழுதினது திமிரில் இல்லை. அடுத்து பிரவுசிங் சென்டருக்குப் போக ஒரு வாரம் ஆகும்.

‘டவுட்’ என்ற சொல்லையும் பாருங்கள். நமக்குச் சந்தேகம் கேட்பது என்றால் வாத்தியாரிடம் விளங்காததைக் கேட்பது. மரியாதையான காரியம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவருக்கு அது நம்பிக்கை இல்லாததைக் குறிக்கும் சொல். வாசலிலேயே கால் தடுக்கி விழுந்திருக்கேன்.

டீக்கடைப் பதில்

2006இல் சென்னைக்கு வேலைக்குப் போனேன். அங்கே ஐஎல்யூஜிசி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சென்னை லினக்ஸ் பயனர் குழு, மாதம் தோறும் இரண்டாவது சனிக்கிழமை கூடும். சென்னை ஐஐடியின் விண்வெளிப் பொறியியல் துறை வகுப்பறையில் கூட்டம். குழுவுக்கு மடலாடற்குழுவும் உண்டு, கடிதத்தை எப்படி எழுதணும் என்று அதிலும் விதிகள் உண்டு. நேரில் வேற மாதிரி இருந்துச்சு. கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஒருவர், “என்ன எரர் வருதுன்னு சொல்லுங்க” என்று தமிழில் கேட்டார். நான் சொல்லச் சொல்ல, இடையில் நாலு கேள்வி கேட்டார். நான் விட்டுப்போன தகவலெல்லாம் தானாக வெளியே வந்துவிட்டது. என் கேள்வியைக் கேள்வியாக ஆக்கினது அவர்தான்.

ஆனால் எங்கள் புதுக்கடையிலிருந்து அந்த வகுப்பறை 700 கிலோமீட்டருக்கு மேல். ஒரு ராத்திரி பஸ் பயணம்.

தமிழில் கேட்பது

புதுக்கடையில் தியாகிகள் நினைவு ஸ்தூபி ஒன்று உண்டு. 1954 ஆகஸ்ட் 11 அன்று, திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கணும் என்று போராடியவர்கள் மேல் போலீஸ் சுட்டது. எங்கள் ஊரிலும் ஆட்கள் செத்தார்கள். 1956 நவம்பர் 1இல் குமரி மாவட்டம் இணைந்தது. பள்ளிக்கூடமும் ஆபீசும் தமிழில் நடக்கணும் என்பதும் அந்தப் போராட்டத்தில் சேர்த்திதான்.

அதே ஊர்க்காரனான நான் அரை நூற்றாண்டு கழித்துக் கணினி முன்னால் உட்கார்ந்தபோது, தமிழில் கேட்கணும் என்று நினைத்திருந்தாலும் முடியாது. அந்தக் கணினியில் விண்டோஸ் 98. தமிழ் யூனிகோட் அதில் ஒழுங்காகத் தெரியாது. ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியாக்கம். ஒருவர் அனுப்பின தமிழ் மற்றவர் திரையில் பூச்சி பூச்சியாகத் தெரியும். ‘ஒண்ணும் மனசிலாகல்ல’ என்று எங்கள் ஊர்த் தமிழில் எழுதியிருந்தால் எவ்வளவு லேசாக இருந்திருக்கும்!

இதைச் சரிபண்ண முயன்றவர்கள் இருக்கிறார்கள். முத்தையா அண்ணாமலை ‘எழில்’ என்ற நிரல்மொழியைத் தமிழ்ச் சொற்களிலேயே உருவாக்கி, 2009இல் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். அதில் திரையில் காட்ட ‘பதிப்பி’, தொகுதியை முடிக்க ‘முடி’. 2012 ஜனவரியில் த. சீனிவாசன் முதலானோர் ‘கணியம்’ மின்னிதழைத் தொடங்கினார்கள். நித்யா துரைசாமி அதில் எழுதிய மைஎஸ்க்யூஎல், லினக்ஸ் தொடர்கள் இலவச மின்னூல்களாக வந்தன. காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு இணையத்திலேயே கூடித் தமிழில் பேசுகிறது. இப்போது புதுக்கடையிலிருந்தும் அதற்குப் போகலாம், பஸ் வேண்டாம்.

பெரிய தளங்களில் அந்த வாசல் திறக்கவில்லை. 2008இல் வந்த ஸ்டாக் ஓவர்ஃப்ளோ ஆங்கிலத்துக்கு மட்டுமே. பிற்பாடு போர்த்துகீசியம், ஜப்பானியம், ரஷ்யன், ஸ்பானிஷ் மொழிகளுக்குத் தனித்தளம் வந்தது. இந்திய மொழி எதற்கும் வரவில்லை. 2018 ஏப்ரலில் அந்த நிறுவனமே, எங்கள் தளம் புதியவர்களை வரவேற்பதாக இல்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

நானும் அப்படித்தான்

இதுவரை எழுதினதைப் படித்தால் நான் பாவப்பட்டவன் மாதிரி இருக்கும். அது முழு உண்மை இல்லை. 2012 வாக்கில் நானே பதில் சொல்லும் ஆளாகிவிட்டேன். ஒருநாள் ஒரு பையன், ‘பிளீஸ் சென்ட் த கோட் சார்’ என்று கேட்டான். நான் கொடுத்த பதில், 2003இல் எனக்கு வந்த அதே வீட்டுப்பாடப் பதில். சொல்லுக்குச் சொல். கீழே ரெண்டு பேர் சிரிப்புக்குறி போட்டார்கள், எனக்குச் சந்தோஷமாக இருந்துச்சு. அந்தப் பையன் திரும்ப எழுதவே இல்லை. அன்றைக்கு நாலாவது தடவையாக அதே கேள்வியைப் பார்த்த அலுப்பு எனக்கு. அவனுக்கு அது முதல் தடவை. இது ரொம்பப் பிந்தித்தான் எனக்கு உறைத்தது.

யாரும் திட்டாத காலம்

அக்கா மகள் இப்போது கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறாள். சந்தேகம் வந்தால் சாட்ஜிபிடியைத் தங்கிலீஷில் கேட்கிறாள். அரைகுறைக் கேள்விதான். பதில் பொறுமையாக வருது.

“திட்டாதா மக்களே?” என்றேன்.

“அது எதுக்கு மாமா திட்டும்?”

எனக்குப் பொறாமையாக இருந்தது. 2022 நவம்பரில் அது வந்த பிறகு ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் புதுக் கேள்விகள் வேகமாகக் குறைந்ததில் ஆச்சரியம் இல்லை. அவமானப்படாமல் கேட்கலாம் என்றால் யார் அங்கே போவார்கள்? அவள் காதும் என் காது போலச் சூடாகணும் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் அந்தப் பழைய அஞ்சல்பெட்டியில் இன்னொரு கடிதமும் இருந்தது. 2005ஆம் வருஷத்துக் கடிதம், திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரி மாணவன் எழுதியது. ஆங்கில எழுத்தில் தமிழ். மடலாடற்குழுவின் பழைய கடிதங்களில் என் ஆறு வரியைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறான். ‘அண்ணா, உங்களுக்கு அது சரியாச்சா? எனக்கும் லினக்ஸ்ல அதே மாதிரி ஓடல. உங்களையும் திட்டியிருக்காங்க, அதான் அங்க கேக்காம உங்ககிட்ட கேக்கேன்.’ அந்த மூணு வரியை நீக்கச் சொல்லி நான் பதில் போட்டிருக்கேன். ‘ஓடிருச்சு அண்ணா’ என்று மறுநாளே எழுதியிருக்கிறான். இது எனக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

என் மோசமான கேள்வி பொது இடத்தில் கிடந்ததால்தான் அவனுக்கு அகப்பட்டது. அக்கா மகள் கேட்பது அவளுக்கும் அந்தச் செயலிக்கும் நடுவிலேயே முடிந்துபோகிறது. பக்கத்துத் தெருவில் அதே எரரோடு முழிக்கிற பிள்ளைக்கு அது தெரியவே தெரியாது. ஆங்கிலத்திலாவது நாற்பது வருஷக் கேள்விகள் சேர்ந்து கிடக்கு. தமிழில் அப்படிச் சேரத் தொடங்கினதே இப்போதுதான்.

அதனால் அவளிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன். விடை கிடைச்சதும், என்ன கேட்டாய், எது தப்பாக இருந்தது, எப்படிச் சரியாச்சு என்று நாலு வரி தமிழில் எங்கேயாவது பொதுவில் எழுதி வை என்று. “யாரு மாமா படிப்பா?” என்றாள். திருநெல்வேலிப் பையனின் கடிதத்தைக் காட்டினேன்.

உங்களிடமும் இப்படிப் பழைய கேள்விகள் கிடந்தால், வெட்கப்படாமல் எழுதுங்க. அந்த 2012 பையன் இதைப் படிக்க நேர்ந்தால், தம்பி, மன்னிச்சிரு. இப்போ கேளு, சொல்றேன்.