சொந்த உடம்பின் எடை

பாஸ்டனில் முதியோர் இல்லவாசிகளுக்குத் தரப்பட்ட பளுப்பயிற்சியையும், பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் வீரர்கள் செய்யும் பளுப்பயிற்சியையும் அருகருகே வைத்தால் முதலில் சிரிப்புதான் வரும். ஒருவர் நாற்காலியிலிருந்து எழவே தடுமாறுகிறார். மற்றவர் உடற்தகுதியும் பார்த்துச் சலித்தெடுக்கப்பட்டவர். ஆயினும் இருவருக்கும் கால் தசைதான் முதலில் கரைகிறது.

மருந்தும் ஒன்றே என்பதுதான் வியப்பு. 1990-ல் வெளியான மரியா ஃபியாட்டரோன் குழுவின் பாஸ்டன் ஆய்வில் 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேர் சேர்ந்தார்கள். தொண்ணூறு வயதுக்கு மெல்லிய கையசைப்புப் போதும் என்று ஆய்வாளர்கள் விட்டுவிடவில்லை. ஒவ்வொருவரும் ஒருமுறை தூக்கக்கூடிய உச்ச எடையில் 80 சதவீதத்தைக் காலால் தூக்கவைத்தார்கள். எட்டு வாரத்தில் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. இருவர் கைத்தடியை விட்டார்கள். விண்வெளியிலும் மிதிவண்டியும் ஓடுபொறியும் மட்டும் போதவில்லை. 2008-ல் மேலே போன பளுப்பயிற்சிக் கருவியில் இரும்புக் குண்டு ஒன்றுகூட இல்லை. வெற்றிட உருளைகளே ஏறத்தாழ 270 கிலோ வரை எதிர்விசை தருகின்றன.

இங்கேதான் இரண்டும் கண்ணாடிப் பிம்பம்போல இடவலம் மாறி நிற்கின்றன. உட்கார்ந்து எழும் பயிற்சியில் நாம் அறியாமலே தூக்குவது நம் உடம்பை. சுற்றுப்பாதையில் அந்த எடை இல்லாததால், வீரர் அதையும் சேர்த்தே கருவியில் ஏற்றிக்கொள்ள வேண்டும். தளர்ந்த முதியவருக்கோ நாற்காலியிலிருந்து எழுவதே உச்ச எடையைத் தூக்குவதற்குச் சமம். ஒருவருக்குச் சொந்த உடம்பு சுமையே இல்லை. மற்றவருக்கு அதற்குமேல் சுமையே இல்லை.

ஒப்புமையை இதற்குமேல் இழுக்கக் கூடாது. எடையின்மை பெரிதும் தாக்குவது, நிமிர்ந்து நிற்க உதவும் கெண்டைக்காலின் மெதுவான இழைகளை. முதுமை தின்பது வேகமான இழைகளை. கால் இடறியதும் சட்டென்று ஊன்றிக்கொள்ள உதவுபவை அவை. அவற்றை இயக்கும் நரம்பணுக்களும் வயதோடு குறைகின்றன. விண்வெளி வீரர் ஜான் க்ளென் 1998-ல் 77 வயதில் மறுபடி விண்வெளிக்குப் போனபோது இரு தேய்வையும் ஒரே உடம்பில் பார்க்க ஆய்வாளர்கள் ஆசைப்பட்டார்கள். ஒன்பது நாள், ஓர் ஆள். அதில் பெரிய முடிவுகளை எதிர்பார்த்தது சற்று அதிகம்தான்.

பயிற்சி நின்ற பிறகான கதையும் வேறு. வீரர் தரையிறங்கியதும் புவியீர்ப்பே பாதிப் பயிற்சியாளராகிவிடுகிறது. பாஸ்டன் முதியவர்கள் நிறுத்திய நான்கே வாரத்தில் வலிமையில் 32 சதவீதத்தை இழந்தார்கள். வீரருக்கு உடற்பயிற்சி அன்றாட வேலை அட்டவணைக்குள்ளேயே வருகிறது; கருவியை அமைக்கும் நேரம் உட்பட இரண்டு மணி நேரத்துக்கும் மேல். முதியவருக்கு வாரம் மூன்று முறை போதும். ஆனால் விழாமல் பார்த்துக்கொள்ளப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். அந்த ஆளின் சம்பளத்துக்குப் பல இல்லங்களின் வரவுசெலவில் ஒரு வரி கிடையாது.