ஒரே சட்டம், ஐயாயிரம் வரிசை

சில வருஷங்களுக்கு முன் நானும் என்னோடு வேலை பார்த்த ஒரு நண்பரும் ஒரே வாரத்தில் அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டோம். அதே என்-400 படிவம், அதே கட்டணம், அதே ஐந்து வருஷ கிரீன் கார்டு. ஆறு மாதத்தில் அவர் கையில் சான்றிதழ் வந்துவிட்டது. எனக்கு நேர்காணல் தேதி வரவே ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. நடுவில் ஒரு தேர்தல் வந்து போனது. அவர் ஓட்டுப் போட்டார், நான் டிவியில் முடிவைப் பார்த்தேன். எங்களுக்குள் இருந்த வித்தியாசம் ஒன்றுதான்: அவர் வேறு மாநிலத்தில் குடியிருந்தார்.

நாடு முழுக்க ஒரே சட்டம்தானே, அப்புறம் ஏன் ஊருக்கு ஊர் வேறு வரிசை? "ஆபீஸ்ல ஆள் பத்தாது" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அதுவும் உண்மைதான். ஆனால் தேடிப் படிக்கப் படிக்க, இந்தக் கோளாறு 1790-லேயே ஆரம்பித்தது தெரிந்தது.

அந்த வருஷம் வந்த முதல் குடியுரிமைச் சட்டம், குடியுரிமை கொடுக்கும் வேலையை எந்த அரசு இலாகாவிடமும் தரவில்லை, கோர்ட்டுகளிடம் விட்டது. மாநில கோர்ட், மாவட்ட கோர்ட், எதில் வேண்டுமானாலும் மனு போடலாம். படிவம் அந்தந்த கோர்ட்டின் விருப்பம். கண்டிப்பு அந்தந்த நீதிபதியின் குணம். 1868 தேர்தலுக்கு முன் நியூயார்க்கில் டம்மனி ஹால் அரசியல்வாதிகளுக்கு வேண்டிய நீதிபதிகள் சில வாரங்களில் பல்லாயிரம் பேரைக் குடிமக்கள் ஆக்கினார்கள். எல்லாம் ஓட்டுக்காகத்தான். 1905-ல் ஒரு அரசுக் குழு கணக்கெடுத்தபோது, குடியுரிமை வழங்கும் கோர்ட்டுகள் ஐயாயிரத்துக்கும் மேல் இருந்தன. அதாவது ஐயாயிரம் வரிசைகள்.

இதை ஒழுங்குபடுத்த 1906-ல் புதுச் சட்டம் வந்தது. நாடு முழுக்க ஒரே படிவம், ஒரே கட்டணம், மேற்பார்வைக்கு ஒரு மத்திய அலுவலகம். மனு போட்டு 90 நாள் ஆகாமல் விசாரணை கிடையாது. பொதுத் தேர்தலுக்கு முந்தைய 30 நாட்களில் யாருக்கும் குடியுரிமை தரக்கூடாது. நியூயார்க் கூத்துக்கு இதுதான் மருந்து. ஆனால் கடைசி முடிவு மட்டும் நீதிபதி கையிலேயே இருந்தது.

அதன் விளைவைத் தன் வாழ்க்கையிலேயே அனுபவித்தவர் பகத் சிங் திண்ட். பஞ்சாபிலிருந்து 1913-ல் அமெரிக்கா போனவர், முதல் உலகப்போரின்போது அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தார். 1918 டிசம்பரில் வாஷிங்டன் மாநிலத்தில் அவருக்குக் குடியுரிமை கொடுத்தார்கள். நாலே நாளில் ரத்து செய்தார்கள். வெள்ளையரும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும்தான் குடியுரிமை பெறலாம் என்பது அன்றைய சட்டம், இவர் வெள்ளையர் இல்லை என்பது காரணம். அடுத்த வருஷம் பக்கத்து மாநிலமான ஓரிகனில் மறுபடி மனு போட்டார். பதினெட்டு மாதம் கழித்து, 1920 நவம்பரில் அங்கே கிடைத்தது. அதே மனிதர், அதே சட்டம், கோர்ட் மட்டும் வேறு. மத்திய அரசு மேல்முறையீடு செய்ய, 1923 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரேயடியாக முடித்து வைத்தது: இந்தியர்கள் அந்தச் சட்டப்படி வெள்ளையர் அல்ல.

இங்கே கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தீர்ப்பு ஊருக்கு ஊர் இருந்த வித்தியாசத்தை ஒழித்தது உண்மை. எப்படி ஒழித்தது? எல்லா ஊரிலும் கதவைச் சாத்தி. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்தும் அதைப் பறித்தார்கள். திண்டுக்கு, போர் வீரர்களுக்கென்று 1935-ல் வந்த சட்டத்தின் பேரில், 1936-ல் நியூயார்க்கில் மூன்றாவது முறையாகக் குடியுரிமை கிடைத்தது. 1918-லிருந்து எண்ணினால் பதினெட்டு வருஷக் காத்திருப்பு. மற்ற இந்தியர்களுக்கு 1946 வரை ஆனது.

முடிவெடுக்கும் வேலை கோர்ட்டிலிருந்து குடியேற்ற இலாகாவுக்கு மாறியது ரொம்பப் பின்னால்தான். 1990-ல் சட்டம் வந்தது, 1991 அக்டோபரில் அமலானது. இனி எல்லா ஊரும் ஒன்றாகிவிடும் என்றுதான் நானாக இருந்தால் நினைத்திருப்பேன். ஆகவில்லை. 1986 பொதுமன்னிப்பில் சட்டபூர்வமானவர்கள் சுமார் 27 லட்சம் பேர், அதில் பாதிக்கு மேல் கலிபோர்னியாவில். அவர்களுக்குக் குடியுரிமைத் தகுதி வந்த 90-களின் நடுவில், கூட்டம் சில ஊர்களில் மட்டும் வீங்கியது. எங்கள் தொழிலில் சொன்னால், ஒரே புரோகிராம்தான் எல்லா சர்வரிலும் ஓடுகிறது, லோடு மட்டும் அஞ்சு சர்வர் மேல் விழுகிறது.

அந்த அஞ்சு: லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க், மயாமி, சிகாகோ, சான் பிரான்சிஸ்கோ. இவற்றை வைத்தே 1995-ல் 'சிட்டிசன்ஷிப் யுஎஸ்ஏ' திட்டம் தொடங்கியது. காத்திருப்பை ஆறு மாதத்துக்குக் கொண்டுவருவது இலக்கு. ஒரு வருஷத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் குடிமக்கள் ஆனார்கள். பிறகு தணிக்கை செய்து பார்த்தால், சுமார் 1,80,000 பேருக்குக் கைரேகைச் சோதனையே முறையாக நடக்கவில்லை. பெரிய அரசியல் சண்டை. அதன் பிறகு கெடுபிடி கூடியது, வேகம் படுத்தது, 1998-ல் தேங்கிய மனுக்கள் 18 லட்சம் அளவுக்குப் போயின. ஒருவர் அவசரத்துக்கு இன்னொருவர் வருஷக்கணக்கில் விலை கொடுத்தார்.

இன்றும் அடிப்படை மாறவில்லை. நேர்காணலுக்கு உங்கள் ஊர் அலுவலகத்துக்குத்தான் நேரில் போக வேண்டும். வேகமான ஊருக்கு மாற்றிக்கொள்ளலாமா என்றால், அங்கே மூன்று மாதம் குடியிருந்திருக்க வேண்டும். ஒரே ஒரு பிடிமானம் உண்டு. நேர்காணல் முடிந்து 120 நாளில் முடிவு சொல்லாவிட்டால் மத்திய மாவட்ட கோர்ட்டுக்குப் போகலாம். நேர்காணலுக்கு முந்தைய காத்திருப்புக்கு இது பொருந்தாது. எனவே விண்ணப்பிக்கப் போகிறவர்கள் நாட்டுச் சராசரியைப் பார்த்து எதையும் திட்டமிடாதீர்கள். உங்கள் ஊர் அலுவலகத்தின் கணக்கைப் பாருங்கள்.

என் கதைக்கு வருகிறேன். நேர்காணலில் பாஸ் ஆன பிறகும் உறுதிமொழி எடுக்க இன்னும் ஆறு வாரம் காத்திருந்தேன். என்னவென்று விசாரித்தால், எங்கள் பகுதியில் அந்த விழாவை கோர்ட்தான் நடத்துமாம். சில இடங்களில் கோர்ட்டுகள் அந்த உரிமையை இன்னமும் தங்களிடமே வைத்திருக்கின்றன. நீதிபதிக்கு ஒழிந்த நாளில்தான் விழா. நண்பருக்கோ ஆபீஸிலேயே, நேர்காணல் நடந்த அன்று மதியமே முடிந்துவிட்டது. கறுப்பு அங்கி போட்ட நீதிபதி முன்னால் வலது கையைத் தூக்கி நின்றபோது, 1790-ல் ஆரம்பித்த வரிசையின் வால் பக்கம் நிற்பதாகத்தான் தோன்றியது.