நூரன்பெர்க் குழல்

கோடியக்கரை, வேதாரண்யம் பக்கத்துக் கல்யாண ஊர்வலங்களில் பேண்ட் செட்டின் முன்வரிசையில் கறுப்புக் குழல் ஒன்று நிற்கும். வாசிப்பவர் தோளில் ஜிகினா. தொடங்குமுன் ரீடை வாயில் வைத்து ஊறவிடுவார். அது கிளாரினெட்.

பிறந்த ஊர் ஜெர்மனியின் நூரன்பெர்க். 1700-ஐ ஒட்டி, குழல் செய்யும் யோஹான் கிறிஸ்டோஃப் டென்னர் ஷாலுமோ என்ற பழைய கருவியைத் திருத்தி இதை உருவாக்கினார். பின்னாளில் மரம் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும், ரீடுக்கு நாணல் தெற்குப் பிரான்சிலிருந்தும் வந்தன.

தஞ்சைக்கு வந்த வழி அரண்மனை. ஜெர்மன் பாதிரியார் ஷ்வார்ட்ஸின் அரவணைப்பில் படித்த தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜிக்கு மேல்நாட்டு பேண்டில் ஆசை. அவர் சேர்த்த இசைக்குறிப்புகள் இன்றும் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. பேண்டிலிருந்து குழல் சதிர் ஆட்டத்துக்குத் தாவியது. முகவீணை இருந்த இடத்தில் இதை வைத்தவர் மகாதேவ நட்டுவனார் என்பார்கள். பரதநாட்டியக் கலைஞர் பாலசரசுவதியின் ஆட்டத்துக்கும் கிளாரினெட் வாசித்தார் ராதாகிருஷ்ண நாயுடு.

ஏறக்குறைய சரபோஜி காலத்திலேயே வந்த பிடில் பாட்டுக் கச்சேரியில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டது. கிளாரினெட் ஆட்டத்துக்கும் ஊர்வலத்துக்குமே போனது. காரணம் கருவிக்குள்ளேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பிடிலில் விரலை இழுத்தால் சுரம் கூடவே வரும். கிளாரினெட்டின் சாவிகளோ ஒவ்வொரு சுரமும் தனித்தனியே சுத்தமாக ஒலிக்கட்டும் என்று பொருத்தப்பட்டவை. தோடியின் காந்தாரம் அப்படி நிற்குமா? அசைந்தால்தான் அது காந்தாரம்.

நாகசுரக்காரர் எடுத்து ஊதினால் இன்னொரு சங்கடம். அவர் குழலில் அதே விரல்களோடு மூச்சை ஏற்றினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் பேசும். கிளாரினெட்டில் கட்டைவிரல் சாவியை அமுக்கினால் சட்ஜம் இருந்த இடத்தில் மேல் ஸ்தாயி பஞ்சமம் வந்து நிற்கும்! விரல்கள் பாடத்தை மறந்து மறுபடி படிக்க வேண்டும். கமகத்துக்கு உதட்டைத் தளர்த்தி, துளையைப் பாதி மூடி, சாவிகளை முடிந்தவரை தொடாமல் வாசிக்க வேண்டும். ஐரோப்பியர் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பாடுபட்டுச் சேர்த்த வசதி நம்மவருக்கு இடைஞ்சலானது.

அதைத் தாண்டியவர் திருச்சி ஏ.கே.சி. நடராஜன். 1931-ல் பிறந்தவர். வாய்ப்பாட்டும் நாகசுரமும் கற்றவர் என்பதால் கிளாரினெட்டில் அவர் ஊதியது பாட்டைத்தான். ‘கிளாரினெட் எவரெஸ்ட்’ என்று அவரை அழைத்தவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. நாகசுரச் சக்கரவர்த்தியே வேறொரு குழலைப் புகழ்ந்தது சின்ன விஷயமில்லை. மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி 2008-ல் வந்தது. அப்போது அவருக்கு வயது 77.