ஏடு காத்த கதை – 31: நான்கில் எது?

இரவு எட்டு மணி. கோண்டாவில் பக்கம் ஒரு வீடு. முன்னறை மேசைக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி. அதற்குள்ளிருந்து ‘டக்... டக்... டக்.’ மாஸ்டரின் விரல் சுவிட்சில்.

போன வாரம் இங்கேதான் விட்டோம். ஏழு நாள் உங்களைக் காக்க வைத்துவிட்டேன். இனியும் இழுக்கப் போவதில்லை.

மாஸ்டர் அணைக்கவில்லை.

அணைக்க விடவில்லை, அவருடைய தங்கை மகன். மோட்டார்சைக்கிளை முற்றத்தில் விட்டவன், செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி வந்தான்.

“மாமா, கை வைக்காதேங்கோ!”

“ஏன் மோனை? ஒருக்கா நிப்பாட்டிப் போட்டால் சரிவரும்தானே?”

“நிப்பாட்டலாம். திரும்ப ஓடுமோ எண்டதுதான் தெரியாது.”

மாஸ்டர் கையை எடுத்துக்கொண்டார். அன்றிரவு எடுக்கப்பட்ட முதல் சரியான முடிவு அதுதான்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். வன்தட்டுக்குள் வட்டுகள் நிமிடத்துக்கு 5,400 முறையோ 7,200 முறையோ சுற்றுகின்றன. அவற்றைப் படிக்கும் முனை வட்டைத் தொடுவதே இல்லை. சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்தபடியே எழுத்தைப் பொறுக்குகிறது. அந்த முனை வழி தவறி, தொடங்கிய இடத்துக்குத் திரும்பி, மறுபடி தேடப் போகும்போது எழுவதுதான் அந்த ‘டக்’. சுற்றிக்கொண்டிருக்கும்வரை அது இன்னும் கொஞ்சம் தரும். நின்றுவிட்டால் மறுபடி எழும்பாமலே போகலாம்.

இருவரும் தங்கள் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஆகவே நமக்கு அவர்கள் மாஸ்டர், மருமகன். அது போதும்.

தட்டு பழுதானால் புதிது வாங்கலாமே, இதற்கு ஏன் இவ்வளவு பதற்றம்? மாஸ்டரைத் தெரிந்தால் இப்படிக் கேட்க மாட்டீர்கள்.

அவர் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் வளர்ந்த தலைமுறை. 1981இல் 97,000 நூல்கள் சாம்பலான அந்த இரவை இந்தத் தொடரில் மூன்று வாரம் பார்த்தோம். அந்தச் சாம்பலைக் கண்ணால் பார்த்தவர்களில் அவரும் ஒருவர்.

பிறகு 1995 அக்டோபர் 30. வலிகாமமே எழுந்து நாவற்குழிப் பக்கம் நடந்த அந்த இரவில் மாஸ்டரும் நடந்தார். சைக்கிள் கரியரில் அரிசி. ஹாண்டிலில் ஒரு பயணப் பை. பை நிறைய ஒலிநாடாக்கள். எழுபதுகளில் கோயில் வீதிகளில் விடிய விடிய ஆடிய காத்தவராயன் கூத்து. அண்ணாவிமார் பாடப் பாட, மாஸ்டர் பக்கத்தில் குந்தியிருந்து பதிந்தவை. புத்தகங்களை வீட்டில் விட்டார். குரல்களைத் தூக்கிக்கொண்டு போனார்.

அந்த அண்ணாவிமார் எவரும் இன்று இல்லை. நாடாக்களிலும் பூஞ்சணம் பிடித்துவிட்டது. நல்ல வேளையாக அதற்கு முன்பே மருமகன் அவற்றைக் கணினிக்கு மாற்றியிருந்தான்.

எங்கே வைத்தான்?

இந்தக் கறுப்புப் பெட்டிக்குள்.

அது ஒரு பழைய அலுவலகக் கணினி. லினக்ஸ் ஏற்றி, நான்கு வன்தட்டுகள் பூட்டி, மருமகனே கட்டிய வீட்டுச் சேர்வர். மாஸ்டர் பகல் முழுக்கப் பழைய சஞ்சிகைகளையும் கோயில் மலர்களையும் கல்வெட்டுகளையும் ஸ்கான் செய்து அதற்குள் போடுவார். வெளியூரில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே கல்வெட்டு என்பது, ஒருவர் காலமான முப்பத்தோராம் நாள் அவர் நினைவாக அச்சிட்டுக் கொடுக்கும் சிறு நூல். ஒரு குடும்பத்தின் வேரும் கிளையும் அதில் இருக்கும்.

மருமகன் மடிக்கணினியை விரித்தான். மணி எட்டு பத்து.

அவன் முன்னால் சந்தேக நபர்கள் மூவர். மின்சாரம். கேபிள். தட்டு.

வருத்தம் தட்டில்தான் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடக் கூடாது. கறன்ட் ஏறி இறங்கினாலும் தட்டு திணறும். கேபிள் தளர்ந்தாலும் பிழை வரும். செம்மண் தூசி படிந்து சூடேறினாலும் தொல்லைதான். நல்ல தட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, கெட்ட கேபிளை அப்படியே விட்டவர்கள் ஏராளம்.

ஒவ்வொரு வன்தட்டும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கிறது. ஸ்மார்ட் என்று அதற்குப் பெயர். மருமகன் அந்தக் குறிப்பைத் திறந்தான். 199ஆம் வரி, கேபிள் வழியில் வந்த பிழைகள்: பூச்சியம். ஆகவே கேபிள் பெரும்பாலும் குற்றவாளி அல்ல. மற்ற மூன்று தட்டுகளும் அதே மின்சாரத்தில்தான் அமைதியாக ஓடுகின்றன. ஆகவே மின்சாரமும் இல்லை.

197ஆம் வரி. படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள்: 8.

சிறிது நேரம் பொறுத்து மறுபடி பார்த்தான். 24.

மறுபடி. 56.

“மாமா, இது போகுது.”

இந்த இடத்தில் உங்களைக் கொஞ்சம் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகருக்கு அழைத்துப் போக வேண்டும். உலகின் முதல் வன்தட்டை 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்டது அந்த ஊரின் ஆய்வுக்கூடத்திலிருந்துதான். 2007இல் அதே ஊரில் ஒரு மாநாடு. தட்டுகள் எப்போது, எப்படிச் சாகின்றன என்று இரண்டு ஆய்வுகள் அங்கே வாசிக்கப்பட்டன. ஒன்று கூகுளுடையது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகளைக் கண்காணித்து எழுதியது. பரப்பைத் தேடிப் பார்க்கையில் முதல் பிழை தென்பட்ட தட்டு, அடுத்த 60 நாளுக்குள் பழுதாகும் வாய்ப்பு, பிழையில்லாத் தட்டைவிட 39 மடங்கு என்றது அது. இன்னொரு செய்தியும் சொன்னது. பழுதான தட்டுகளில் பாதிக்கு மேற்பட்டவை, மிக முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போயின.

எச்சரித்துவிட்டுச் சாவது அபூர்வமான அருள். மாஸ்டரின் தட்டு எச்சரித்துக்கொண்டிருந்தது.

இப்போது என்ன செய்வது? கைதேர்ந்தவர்களே சறுக்குகிற இடம் இதுதான். திருத்தும் நிரலை ஓடவிட ஆசை வரும். அது சாகக் கிடக்கும் தட்டை முனையிலிருந்து முனைவரை உழுது, மிச்ச உயிரையும் எடுத்துவிடும்.

முதலில் நகல். பிறகுதான் வைத்தியம்.

நம் சிறுப்பிட்டிக்காரர் சி.வை. தாமோதரம்பிள்ளை செய்ததும் இதுதான் அல்லவா? ஓரம் உதிரும் ஏட்டை ஒட்டிச் சரிசெய்து பெட்டியில் பூட்டி வைக்கவா அவர் ஊர் ஊராக அலைந்தார்? 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரமும் 1887இல் கலித்தொகையும் அச்சாகி வந்தன. ஏடு செத்தது. எழுத்து பிழைத்தது.

மருமகன் பையிலிருந்து ஒரு சிறிய வெளித்தட்டை எடுத்தான். ஒரு டெராபைட். பெட்டிக்குள் இருப்பதோ அதைப் போல ஆறு மடங்கு.

“எல்லாம் கொள்ளாது மாமா. எதை முதல் எடுக்கிறது? நீங்கள்தான் சொல்லோணும்.”

மாஸ்டர் கதிரையில் உட்கார்ந்தார். தன் உயிரிலிருந்து ஒரு பங்கை மட்டும் எடு என்றால் யாரால் உடனே சொல்ல முடியும்? மகளின் கலியாண வீடியோ அதற்குள் இருக்கிறது. மனைவியின் கடைசித் தீபாவளிப் படங்கள் இருக்கின்றன. பத்து வருட ஸ்கான் இருக்கிறது.

“கலியாண வீடியோ பிள்ளையிட்டையும் கிடக்கு. படங்கள் கனடாவிலை தம்பியிட்டை கிடக்கு. சஞ்சிகை கனக்க நூலகத்துக்குக் குடுத்திட்டன்.”

2005இல் தொடங்கிய நூலகம் இணையத் திட்டத்தைத்தான் அவர் சொன்னார். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் சேர்த்து இன்று இலட்சம் ஆவணங்களைத் தாண்டியிருக்கும் அந்த எண்ணிம நூலகம். அங்கே போனது தப்பியது.

“கூத்து?”

மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார்.

“கூத்து இதுக்குள்ளை மட்டும்தான். அதை எடு.”

எட்டு இருபத்தைந்துக்கு நகலெடுப்பு தொடங்கியது. எண்பது ஜிகாபைட் குரல்.

பத்து வீதம். இருபது. நாற்பது. இடையிடையே எண் நகராமல் நிற்கும். பெட்டிக்குள் ‘டக்... டக்.’ இருவரும் மூச்சை அடக்குவார்கள். பிறகு மெல்ல நகரும்.

எழுபத்தொன்று.

கறன்ட் போய்விட்டது.

வீடு இருண்டது. யூ.பி.எஸ் கீச்சிட்டது. பழைய பற்றரி. எவ்வளவு நேரம் தாங்கும் என்று மருமகனுக்கே தெரியாது. சேர்வர் திரையைப் பிடுங்கினான். ரவுட்டரைப் பிடுங்கினான். சேர்வரை மட்டும் விட்டு, மற்ற எல்லாவற்றையும் யூ.பி.எஸ்ஸிலிருந்து கழற்றினான். மடிக்கணினி தன் பற்றரியில் ஓடியது. ஒரு நீள வலைக்கேபிளை அதற்கும் சேர்வருக்கும் நேராகச் செருகினான். வேலை சேர்வருக்குள் தானாக நடந்துகொண்டிருந்தது. எண் தெரிந்தால் போதும்.

எண்பத்தாறு.

கீச்சொலி நெருக்கமானது.

தொண்ணூற்று மூன்று.

மாஸ்டர் கண்ணை மூடி நல்லூரானைக் கூப்பிட்டார்.

நூறு.

“முடிஞ்சுதோ?”

“பொறுங்கோ. போனது சரியாய்ப் போச்சுதோ எண்டு பாப்பம்.”

எடுத்த நகலை மறுபடி வாசித்துப் பார்க்காதவரை அது நகலே அல்ல. பற்றரி தாங்கிய மட்டும் கோப்பு கோப்பாக ஒப்பிட்டான். எல்லாம் பொருந்தின. முறைப்படி சேர்வரை நிறுத்தினான். அது அடங்கிய மறு கணமே யூ.பி.எஸ்ஸும் அடங்கியது.

கூத்து தப்பியது.

ஆனால் மிச்சம்? நூலகத்துக்கு இன்னும் அனுப்பாத கல்வெட்டுகள், மலர்கள் எல்லாம் அந்த நான்கு தட்டுகளில்தானே கிடக்கின்றன?

அதற்கும் வழி இருந்தது. 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதி வெளியிட்ட வழி. ரெய்ட் என்று உலகம் அழைக்கும் ஏற்பாடு. மூன்று தட்டுகளில் 5, 3, 7 என்று எழுதியிருக்கிறது என்று வையுங்கள். நான்காவதில் கூட்டுத்தொகை 15 என்று எழுதிவிடுங்கள். எந்த ஒன்று அழிந்தாலும் மற்ற மூன்றிலிருந்து அதைக் கண்டுபிடிக்கலாம். கணினி போடும் கணக்கு சற்று வேறு, அடிப்படை இதுதான். ஓர் ஏட்டில் சிதைந்த வரியை இன்னோர் ஏட்டைக் கொண்டு நிரப்பிய பதிப்பாசிரியர்களுக்கு இதை விளக்கத் தேவையிருந்திராது.

ஒன்று போனால் தாங்கும்.

இரண்டு போனால் எல்லாமே போகும்.

ஆகவே கெட்ட தட்டை மட்டும் கழற்ற வேண்டும். மருமகன் மூடியைத் திறந்தான். டோர்ச் வெளிச்சத்தில் நான்கு தட்டுகள். ஒரே நிறம். ஒரே அளவு. ஒரே நிறுவனம்.

நான்கில் எது?

கணினி தட்டுகளுக்கு வைக்கும் பெயரை நம்ப முடியாது. அடுத்த முறை இயக்கும்போது அது மாறிவிடலாம். மாறாதது ஒன்றுதான்: தட்டின் நெற்றியில் ஒட்டியிருக்கும் தொடர் எண். கெட்ட தட்டின் எண்ணை மருமகன் முன்னமே கடதாசியில் எழுதி வைத்திருந்தான்.

“கடைசி நாலு எழுத்தையும் வடிவாய் வாசியுங்கோ மாமா.”

மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். மருமகன் கடதாசியைப் பார்த்தான். இல்லை. அடுத்தது. அதுவும் இல்லை. மூன்றாவது தட்டு. ஒவ்வொரு எழுத்தாக. இருவரும் மாறி மாறி வாசித்தார்கள்.

பொருந்தியது.

கழற்றி மேசையில் வைத்தான். ஐந்தாவது தட்டைச் செருகப் பெட்டியில் இடம் இல்லை. அலுமாரியில் தயாராக வாங்கி வைத்திருந்த புதுத் தட்டு அந்த இடத்தில் ஏறியது. ஒன்பது மணிக்குக் கறன்ட் வந்தது. பெட்டி உயிர் பெற்றது. மூன்று பழைய தட்டுகளையும் வாசித்து, இழந்ததைப் புதுத் தட்டில் திரும்ப எழுதும் வேலை தொடங்கியது. விடியும் வரை ஓடும்.

“தேத்தண்ணி போடட்டோ மோனை?”

“போடுங்கோ மாமா.”

மருமகனின் முகம் மட்டும் தெளியவில்லை. அவன் மனதில் வேறொன்று ஓடியது. சான் ஹோசேயில் வாசித்த மற்ற ஆய்வு நினைவிருக்கிறதா? அதை எழுதிய இருவரில் ஒருவர் வேறு யாருமல்ல, ரெய்டைத் தந்த அதே கிப்சன். பியங்கா ஷ்ரோடருடன் சேர்ந்து எழுதினார். தட்டுகளை மாற்ற வேண்டிவருவது, தயாரிப்பாளர்களின் கணக்கைவிட மிக அதிகம் என்பதே அதன் சாரம். வருடத்துக்கு நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு என்பது சாதாரணம். சில இடங்களில் பதின்மூன்று வரை. ஒரு தட்டு போனால் அடுத்ததும் விரைவில் போகும் வாய்ப்பு கூடும் என்பதையும் அவர்கள் கண்டார்கள்.

இந்த நான்கு தட்டுகளையும் மருமகன் ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கியிருந்தான். நான்கும் ஒரே வயது. ஒரே வெக்கை. ஒரே செம்மண் தூசி.

பத்தாவது வீதத்தில் அவன் மற்ற மூன்று தட்டுகளின் குறிப்பையும் திறந்தான்.

முதல் தட்டு, 197ஆம் வரி: பூச்சியம்.

இரண்டாவது தட்டு: பூச்சியம்.

நான்காவது தட்டு: 8.

மாஸ்டர் தேநீர்க் கோப்பையுடன் வந்து நின்றார். திரையில் வீதம் நகரவில்லை. பெட்டிக்குள்ளிருந்து மெல்ல, மிக மெல்ல, ஒரு ‘டக்.’

மருமகன் திரும்பி, மேசையில் கழற்றிவைத்த பழைய தட்டைப் பார்த்தான். செத்துப்போனது என்று ஒதுக்கிய தட்டு. முழுதாகச் செத்திருக்காவிட்டால், இப்போது அந்தக் கல்வெட்டுகளை மீட்கக்கூடியது அது ஒன்றுதான்.

ஆனால் அதை நிறுத்தியாகிவிட்டதே!

மறுபடி சுற்றுமா?

(அடுத்த வாரம்)