ஓடையில் விழுந்த மரம்

ஓடையின் குறுக்கே ஒரு மரம் விழுந்து கிடக்கிறது. பார்த்ததும் உங்களுக்கு என்ன தோன்றும்? நீரோட்டத்துக்குத் தடை, அப்புறப்படுத்த வேண்டும் என்றுதானே? அமெரிக்காவின் ஆரிகன், வாஷிங்டன் மாநிலங்களின் மீன்வளத் துறையினரும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணினார்கள்.

சால்மன் ஓடையில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஓடைக்கே திரும்பும் மீன். அந்த ஓடைகளில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே மரம் வெட்டுவோர் தற்காலிக அணைகள் கட்டினார்கள். தேங்கிய நீரை ஒரேயடியாகத் திறந்துவிட்டு, வெட்டிய மரங்களை வெள்ளத்தோடு அடித்துச் செல்லவிட்டார்கள். கூழாங்கற்களும் உடன் போயின. பல இடங்களில் வெறும் பாறைதான் மிஞ்சியது. பிறகு, வெட்டிய காடுகளின் கழிவு மரங்கள் ஓடைகளில் குவிந்தன. அவை சால்மனை மறிக்கின்றன என்று கருதி, 1950-களிலிருந்து 1970-கள் வரை அவற்றை அகற்றினார்கள். இயற்கையாக விழுந்து கிடந்த பழைய மரங்களும் அவற்றோடு போயின. நோக்கம் நல்லதே, ஆனால் மீனின் வீடே போயிற்று!

ஏன்? இங்கே சிறிது பௌதிகம் தேவை. மரத்தின் மேல் வழிந்து விழும் நீர், கீழே மடுவைக் குடைகிறது. அதன் வேகம் அங்கேயே செலவாகிறது. மரத்துக்கு மேற்புறம் ஓட்டம் தணிவதால் கூழாங்கற்கள் படிகின்றன. கற்களிடையே முட்டைகள், மடுவில் குஞ்சுகள். கோஹோ சால்மன் குஞ்சு ஏறத்தாழ ஓராண்டை ஓடையிலேயே கழிக்கும்.

கரையில் நிற்கும் மரமும் அவ்வாறே உதவுகிறது. 10 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரில் சுமார் 11 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 20 டிகிரியில் சுமார் 9 மில்லிகிராம்தான். ஆகவே நிழல் என்பது மீனுக்கு மூச்சு. வேர்கள் கரையைப் பிடித்து நிறுத்துகின்றன. இல்லாவிடில் வண்டல் கல்லிடுக்குகளை அடைக்க, முட்டைகள் மூச்சுமுட்டி மடியும்.

ஸ்வான்சன், செடல் முதலிய விஞ்ஞானிகள் ஆரிகன் ஓடைகளை ஆராய்ந்து, விழுந்த மரங்களின் பணியை 1976-இல் ஓர் அறிக்கையில் விளக்கினார்கள். 1980-களிலிருந்து மரங்களைத் திரும்பவும் ஓடைகளில் இடலானார்கள், சில இடங்களில் ஹெலிகாப்டர் மூலமாகவும்! 1994-இல் வகுத்த திட்டம், அப்பகுதியின் மத்திய அரசுக் காடுகளில், மீன் வாழும் ஓடைகளின் இருபுறமும் குறைந்தது 300 அடி அகலத்துக்குக் கரைக்காட்டைக் காக்க வேண்டும் என்று விதித்தது.

ஆனால் கொண்டுவந்து போட்ட மரம் என்றாவது மட்கிவிடும். வெள்ளத்தில் போனாலும் போகும். அதன் இடத்தில் விழக் கரையில் வேறு மரம் வேண்டுமே! பெரிய ஊசியிலை மரம் வளர நூறாண்டுக்கு மேலும் ஆகலாம். வெட்டிச் சாய்க்க ஒரு நாள் போதும். இந்தக் கணக்கை மறவாதீர்கள்.