இரவு வான் ஒட்டுத்துணிப் போர்வை

இரவு வான் ஒட்டுத்துணிப் போர்வை என்பது, குறிப்பிட்ட ஓர் இடத்தில் குறிப்பிட்ட ஒரு நேரத்தில் தோன்றும் வானத்தின் விண்மீன் அமைப்பைத் துணி ஒட்டுவேலையாலும் பூத்தையலாலும் காட்டும் போர்வை ஆகும். மேல்துணி, நடுத்திணிப்பு, அடித்துணி ஆகிய மூன்று அடுக்குகளையும் ஊடுருவித் தைத்து இது செய்யப்படுகிறது. பிறந்த நாள், திருமண நாள், அறுபதாம் ஆண்டு நிறைவு முதலிய நாள்களின் வானத்தைத் தேர்ந்தெடுத்து, ஒருவருக்கென்றே தனியாக இத்தகைய போர்வைகள் வடிவமைக்கப்படுகின்றன.

வரலாறு

வானியலைப் போர்வையில் காட்டிய பெயர்பெற்ற எடுத்துக்காட்டு, ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த எல்லன் ஹார்டிங் பேக்கர் (1847-1886) செய்த சூரியக் குடும்பப் போர்வை ஆகும். கம்பளித் துணியாலான இதில் 1876 என்ற ஆண்டு தைக்கப்பட்டுள்ளது. நடுவில் ஞாயிறும், அதனைச் சுற்றிக் கோள்களின் பாதைகளும், மூலையில் ஒரு வால்வெள்ளியும் உள்ளன. வானியல் பற்றிச் சொற்பொழிவாற்றியபோது அவர் இதனை விளக்கப்படமாகப் பயன்படுத்தினார். இது இப்போது சிமித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது.

ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்த ஹேரியட் பவர்ஸ் (1837-1910) செய்த இரு போர்வைகள் எஞ்சியுள்ளன. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ள இரண்டாவது போர்வை 15 கட்டங்களைக் கொண்டது. அவற்றுள் ஒன்று 1833 நவம்பர் 13 அன்று நிகழ்ந்த பெரும் எரிமீன் பொழிவைக் காட்டுகிறது. அந்நிகழ்வு அவர் பிறப்பதற்கு முன்பே நடந்தது. செவிவழியாக வந்த நினைவு துணியில் பதிவானதற்கு இது சான்றாகும்.

வட அமெரிக்காவின் லகோட்டா மக்கள், சாய்சதுரத் துண்டுகளை இணைத்து எட்டு முனை விண்மீன் வடிவம் கொண்ட போர்வைகளைத் தைக்கின்றனர். 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் காட்டெருமைகள் அருகியபோது, அவற்றின் தோலாலான போர்வைகளின் இடத்தை இவை பெற்றன. இறுதிச் சடங்குகளிலும் ஒருவரைச் சிறப்பிக்கும் நிகழ்வுகளிலும் இவை அளிக்கப்படுகின்றன.

இந்தியாவில் வங்காளத்தின் காந்தா, பீகாரின் சுஜனி, மகாராட்டிரத்தின் கோதடி, கர்நாடகத்தின் சித்தி மக்கள் தைக்கும் கவந்தி ஆகியவை பழந்துணிகளை அடுக்கித் தைக்கும் மரபைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டில் தேர்களை அழகூட்டும் தொம்பைகளில் துணி ஒட்டுவேலை காணப்படுகிறது. துணியை முடிச்சிட்டுச் சாயமேற்றும் மதுரைச் சுங்குடியில், கருநீல நிலத்தில் வெண்புள்ளிகள் பரவிய துணி இரவு வானத்தை ஒத்திருக்கும்.

எது தனிப்பட்டது?

ஒரே ஊரில், ஒரே நாளில், ஒரே மணியில் தோன்றும் விண்மீன்கள் ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே இடங்களில் இருக்கும். எனவே விண்மீன்களை மட்டும் தைத்தால் அப்போர்வை பிறந்த நாளைக் காட்டுமே தவிர, பிறந்த ஆண்டைக் காட்டாது. ஆண்டை அடையாளப்படுத்துவன நிலவும் கோள்களுமே. நிலவு 27.3 நாள்களிலும், வியாழன் ஏறத்தாழ 12 ஆண்டுகளிலும், சனி ஏறத்தாழ 29.5 ஆண்டுகளிலும் வானைச் சுற்றி வருகின்றன. அறுபது ஆண்டுகளில் வியாழன் ஐந்து சுற்றுகளையும் சனி இரண்டு சுற்றுகளையும் முடித்து, பழைய இடங்களுக்கு அருகே வந்து சேர்கின்றன. அறுபதாம் ஆண்டு நிறைவுக்குச் செய்யும் போர்வையில் இவ்விரு கோள்களையும் காட்டுவது பொருத்தமானது.

பிறந்த நட்சத்திரமும் பிறந்த நேர வானமும் ஒன்றல்ல. கதிரவனின் தோற்றப் பாதையை 27 சம பகுதிகளாக, அதாவது ஒவ்வொன்றும் 13 பாகை 20 கலை கொண்டதாகப் பிரித்து, அவற்றுள் நிலவு நின்ற பகுதியையே பிறந்த நட்சத்திரம் எனக் கூறுவர். அந்நேரத்தில் நிலவு தொடுவானத்துக்குக் கீழே இருந்திருந்தால், அந்த நட்சத்திரப் பகுதியும் வானில் தெரிந்திராது. பகலில் பிறந்தவர்களுக்கு அந்நாளின் இரவு வானத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

திருப்போரூர் வானம்

செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள திருப்போரூர் ஏறத்தாழ 12.7 பாகை வட அகலாங்கில் அமைந்துள்ளது. ஆகவே இங்கு வடமீன் தொடுவானத்திலிருந்து 13 பாகை உயரத்தில் மட்டுமே தெரியும். தென் சிலுவை, அகத்தியர் மீன் ஆகிய இரண்டும் தெற்கே காணக்கூடியவை. இவ்வூரில் சில விண்மீன்கள் வடக்குத் தெற்குக் கோட்டைக் கடக்கும்போது தலையுச்சியிலிருந்து விலகி நிற்கும் அளவு, ஏறத்தாழப் பின்வருமாறு:

- கார்த்திகை: 11 பாகை வடக்கு
- சுவாதி: 6 பாகை வடக்கு
- ரோகிணி: 4 பாகை வடக்கு
- மகம்: 1 பாகை தெற்கு
- திருவோணம்: 4 பாகை தெற்கு
- திருவாதிரை: 5 பாகை தெற்கு
- சித்திரை: 24 பாகை தெற்கு
- கேட்டை: 39 பாகை தெற்கு
- அகத்தியர் மீன்: 65 பாகை தெற்கு

தைப்பொங்கலன்று இரவு 9 மணியளவில் ரோகிணி ஏறக்குறைய நேர் மேலே நிற்கும். விண்மீன்கள் நாளுக்கு 4 நிமிடம் முன்னதாக உதிப்பதால், ஒரு மாதம் கழித்து இதே காட்சியை இரவு 7 மணியளவில் காணலாம். கந்தசுவாமி கோயிலால் அறியப்படும் இவ்வூரில், முருகனை வளர்த்த கார்த்திகைப் பெண்களாகக் கருதப்படும் விண்மீன் கூட்டம் போர்வையின் மையத்துக்கு அருகிலேயே அமையக்கூடும்.

வடிவமைப்பு

நாள், நேரம், இடம் ஆகிய மூன்றும் முதலில் தேவை. பழைய பிறப்புக் குறிப்புகளில் நேரத்தைக் கவனமாகக் கொள்ள வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல் 1945 வரை, இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னதாக வைக்கப்பட்டிருந்தன. இந்நேர வேறுபாட்டைக் கழிக்காவிட்டால் வானம் 15 பாகை நகர்ந்துவிடும்.

வானத்தை வட்டமாக வரைந்தால் அதன் நடுவே தலையுச்சியும் விளிம்பில் தொடுவானமும் அமையும். விட்டம் 180 செ.மீ. எனக் கொண்டால், மையத்திலிருந்து வெளிநோக்கி ஒரு பாகைக்கு ஒரு செ.மீ. என்ற எளிய அளவு கிடைக்கிறது. திருப்போரூர் வானில் வடமீன் மையத்திலிருந்து 77 செ.மீ. வடக்கே அமையும். நிலவின் உண்மை அளவு அரை செ.மீ. மட்டுமே என்பதால் அதனைப் பெரிதாக்கியே தைக்க வேண்டும். விளிம்பருகே உள்ள விண்மீன் கூட்டங்கள் பக்கவாட்டில் ஒன்றரை மடங்கு வரை விரிந்து தோன்றும்.

வான் வரைபடத்தில் வடக்கு மேலே இருந்தால் கிழக்கு இடப்பக்கம் அமையும். நிலப்படத்துக்கு இது எதிரானது. மல்லாந்து படுத்துப் பார்ப்பவருக்கே வான்படம் வரையப்படுகிறது என்பதே இதற்குக் காரணம். இதனை அறியாமல் இடவலம் மாற்றினால் விண்மீன் கூட்டங்கள் கண்ணாடி உருவாகிவிடும்.

வெறுங்கண்ணுக்குத் தெரியக்கூடிய விண்மீன்கள் முழு வானத்திலும் 9,000 அளவில் உள்ளன. நான்காம் ஒளித்தரம் வரை மட்டும் கொண்டால் ஏறத்தாழ 500 கிடைக்கும். அவற்றுள் பாதியே ஒரு நேரத்தில் தொடுவானத்துக்கு மேல் இருக்கும். ஆகவே 250 விண்மீன்கள் ஒரு போர்வைக்குப் போதுமானவை.

தைக்கும் முறை

- கருநீலப் பருத்தித் துணியைச் சாயம் விடாத வரை முன்னதாகவே அலச வேண்டும். இல்லையெனில் வெண்ணிற நூலில் சாயம் ஏறிவிடும்.
- சேலை அகலத் துணி இரண்டை இணைக்கும்போது, மூட்டுத் தையலை வடக்குத் தெற்குக் கோட்டில் அமைக்கலாம்.
- ஒளிமிக்க விண்மீன்களைத் துணி வட்டங்களாகவும், மங்கியவற்றை முடிச்சுத் தையலாகவும் காட்டலாம். திருவாதிரைக்கும் கேட்டைக்கும் செந்நிற நூல் பொருந்தும்.
- விண்மீன்களை இணைக்கும் கோடுகளை ஓட்டுத் தையலாக இட்டால், அவையே மூன்று அடுக்குகளையும் பிணைக்கும்.
- கடற்கரையின் வெப்பத்துக்கும் ஈரக்காற்றுக்கும் தடித்த பஞ்சு ஏற்றதன்று. நடுவில் ஒரு பழைய வேட்டி போதுமானது.
- குழந்தைகளுக்கான போர்வையில் மணிகளோ சில்லுகளோ தைக்கக் கூடாது. அவை கழன்று தொண்டையில் சிக்கக்கூடும்.

ஒளி மாசு

பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிக் கட்டடங்களும் தெருவிளக்குகளும் பெருகியதால், இப்பகுதியில் மங்கிய விண்மீன்களைக் காண்பது அரிதாகி வருகிறது. எனவே அன்று உண்மையில் கண்ணுக்குத் தெரிந்த வானத்தைத் தைப்பதா, விளக்குகள் இல்லாதிருந்தால் தெரிந்திருக்கக்கூடிய வானத்தைத் தைப்பதா என்பதை வடிவமைப்பவர் முடிவு செய்ய வேண்டியுள்ளது. முன்னது நினைவுப் பதிவாக அமையும். பின்னது, பாட்டியின் பிறந்த நாள் வானத்தில் இருந்து பேரனின் வானத்தில் மறைந்துபோன விண்மீன்களையும் சேர்த்துக் காட்டும்.

இவற்றையும் பார்க்கவும்

- விண்மீன் குழாம்
- சுங்குடிச் சேலை
- காந்தாத் தையல்
- ஒளி மாசு
- திருப்போரூர்