கொழுந்துக் கூடையும் தலைமைக் கதிரையும்

தலவாக்கலைக்கு அப்பால், ஆக்கர ஓயா பாயும் பள்ளத்தாக்கில் அமைந்தது அக்கரப்பத்தனை. விடியற்காலையில் பெரட்டு முடிந்ததும் கூடை சுமந்து அங்கே மலையேறுவோர் பெரும்பாலும் பெண்களே. ஆயினும், ஆள் திரட்டிய பெரிய கங்காணியும், கொழுந்தை நிறுத்துப் பேரெழுதிய கணக்கப்பிள்ளையும், அனைவருக்கும் மேலிருந்த துரையும் ஆண்களாகவே இருந்தனர். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் மலைநாட்டின் உயர்பகுதிக்கு வகுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 54 சதம். பெண்ணுக்கு 43 சதம். தொழிலில் முதன்மை பெண்ணுக்கு இருந்தும், மதிப்பில் அவளுக்கு இரண்டாம் இடமே கிட்டியது.

இத்தகைய சூழலில் எழுந்த முதற் பெண்குரல் மீனாட்சியம்மாளுடையது. அவருடைய கணவர் கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளருக்கெனச் சம்மேளனம் அமைத்து, அட்டனிலிருந்து அதனை நடத்தினார். மீனாட்சியம்மாள் அவருடன் தோட்டந்தோறும் சென்று, தாமே இயற்றிய பாடல்களைக் கூட்டங்களிற் பாடினார். 1940இல் அவை நூலாகவும் வெளிவந்தன. பெண் மேடையேறி ஆணையிடுவதை ஏற்காத சமுதாயம், அவள் பாடுவதை ஏற்றது. தாலாட்டும் ஒப்பாரியும் என்றுமே பெண்களுக்கு உரியவை அல்லவா? மரபு திறந்து வைத்திருந்த வாயில் வழியே அரசியல் உள்ளே நுழைந்தது.

அவ்வாயிலுக்கு மற்றொரு நிபந்தனையும் இருந்தது. பெண் பெரும்பாலும் ஒருவரின் மகளாகவோ மனைவியாகவோ வரவேண்டும். 1931இல் அரசாங்க சபை புகுந்த முதற் பெண் அட்லின் மொலமூரே, தந்தை மறைந்த இடத்திற்கே தெரிவானார். அடுத்த ஆண்டில், பதவியிழந்த கணவரின் தொகுதியில் நேசம் சரவணமுத்து வென்றார். கணவர் கொலையுண்ட மறு ஆண்டு, 1960 ஜூலையில், சிறிமாவோ பண்டாரநாயக்க உலகின் முதற் பெண் பிரதமரானார்.

உலகம் வியந்த அந்நாளில் அக்கரப்பத்தனைப் பெண்ணின் நிலை யாது? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தமும் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை வாக்கற்றோராக்கியிருந்தன. 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. அவ்வெண்களுள் அடங்கிய கொழுந்தெடுக்கும் பெண்ணிடம் ஒருவரும் கருத்துக் கேட்டிலர். அரியணையில் ஒரு பெண் அமர்ந்தமையால் மலையிலிருந்த பெண்ணின் கூடை இலேசாகிவிடவில்லை.

மாற்றம் மெல்லவே வந்தது. 1984இல் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி கிடைத்தது. குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பெரும்பாலும் தீர்ந்தது. உள்ளூராட்சி மன்றங்களில் நூற்றுக்கு 25 இடம் பெண்களுக்கென 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கியது. 2018இல் அவ்விதிப்படி முதன்முறை தேர்தல் நடந்தபோது, அக்கரப்பத்தனைக்கெனத் தனிப் பிரதேச சபையும் அமைந்தது. 2024 நவம்பரில் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் பாராளுமன்றம் சென்றனர். மலையகத் தமிழ்ப் பெண்கள் அம்மன்றத்துக்குத் தெரிவானது அதுவே முதன்முறை.

எனினும் தோட்டத்துச் சங்கங்களில் தலைவர் பதவி ஆணுக்கும், மாதர் தலைவி என்னும் பதவி பெண்ணுக்கும் என்ற வழக்கம் இன்னும் முற்றாக அகலவில்லை. மாலையில் சங்கக் கூட்டம் கூடும் வேளையே லயத்தில் அடுப்பெரியும் வேளையுமாகும். சட்டம் பெண்ணுக்குக் கதிரையைத் தரலாம். அவள் அதில் அமர்ந்திருக்கும் பொழுதில் உலையைக் கவனிப்பவர் யார் என்பதை வீடுதான் தீர்மானிக்க வேண்டும். மீனாட்சியம்மாள் பாடிய காலந்தொட்டு மலையகம் விடைதேடும் வினா இதுவேயாகும்.